மீட்டருக்கு முன்னால் ஒரு முதலை

வெண்ணாற்றுக்கு வடகரை. எட்டு ஊர்,
ஆயிரத்துச் சொச்சம் மின் இணைப்பு.
கதவு எண்ணை நம்பி இறங்கினால்
பொழுது சாய்ந்தாலும் ஒரு தெரு முடியாது.
எனக்கு முன்பிருந்தவர் மாற்றலாகிப் போகும்போது
ஒரு நோட்டைக் கையில் திணித்தார்:
டயர் மயில் வீடு: நாய் உண்டு.
ஹெல்மெட் வீடு: நாய் இல்லை, பேச்சு உண்டு.
நாடிமுத்து வீட்டுக்கு நேரே:
பயப்படாதே, சிமெண்டு.
கீழே, வேறு மையில்:
வாய்க்குள் கை விடாதே, குளவி.

ஹெல்மெட் வீடு பக்கிரிசாமியுடையது.
பதினோரு ஹெல்மெட், கம்பியில் தலைகீழாக,
ஒவ்வொன்றிலும் பத்துமணிப் பூ.
"தலையில போட்டா வேர்க்குதுங்க" என்பார்,
மன்னார்குடிச் சாலையில் வழுக்கை மின்ன
வண்டியில் பறக்கிற மனிதர்.

சவரியம்மாள் வீட்டு முருங்கையடியில்
இலவச டிவி.
படம் போனதும் உள்ளிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு
வைக்கோல் போட்டிருக்கிறார்.
அடைக்கோழி, செய்தி வாசிப்பவர் மாதிரியே,
கண் கொட்டாமல் என்னைப் பார்க்கும்.
இருபத்தோரு நாளும் ஒரே செய்தி.

கீழத்தெருவில் வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று.
அப்பாவின் முட்டிவலிக்கென்று
சிங்கப்பூர் மகன் வாங்கி இறக்கியது.
"நாற்காலியில உக்காந்தா யோசனைதான் வருது"
என்று வாசலுக்குத் தூக்கிவந்து
அரளி நட்டுவிட்டார் அவர்.
அரளிக்கு நன்றாகப் போகிறதாம்.

நாடிமுத்துவுக்கு வருகிறேன்.
வீடு கட்டி முடித்ததும் நாலு மூட்டை மீந்தது.
மழை வந்தால் மூட்டையோடு கல்லாகிவிடும்.
கொள்ளிடத்து முதலையை
அணைக்கரையில், பஸ் ஜன்னல் வழியே,
ஒரு தடவை பார்த்திருக்கிறார்.
போதாதா?
ஒன்பது அடி. பல்லுக்கு உடைந்த டைல்ஸ்.
முதுகுச் செதிலுக்கு முட்டை அட்டையை அழுத்திய அச்சு.
வால் மட்டும் பல்லியுடையது,
அதற்குள் சிமெண்டு தீர்ந்துவிட்டது.
தலை சரியாக என் மீட்டருக்குக் கீழே.

குஞ்சம்மாள் அன்றே சொன்னாராம்:
"வீட்டுல போட்ட மொதலையே எடுக்க முடியல,
இந்த மொதலைய யாரு எடுக்கிறது?"

ஐப்பசியில் ஆறு உடைத்துக்கொண்டது.
தெருவில் இடுப்பளவு.
மண்ணடித்து உயர்த்திய நாடிமுத்து வாசலில்
கெண்டைக்கால் அளவு.
முதுகும் கண்ணும் மட்டும் மேலே.
நிவாரணப் படகில் வந்த அதிகாரி ஊருக்குப் புதிது.
இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.
"சிமெண்டுதான் சார்."
"அப்ப ஏன்யா அசையுது?"
அன்றைக்கு எல்லாமே அசைந்துகொண்டுதான் இருந்தது.
வாலில் ஒரு வாழைமட்டை வேறு சிக்கி
ஆடிக்கொண்டிருந்தது.
அரிசி, ரொட்டி, போர்வை எல்லாம்
பக்கிரிசாமி வீட்டுப் பக்கம் திரும்பின.
ஹெல்மெட்டைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

குஞ்சம்மாள் கத்தவில்லை.
மாட்டுக் கயிற்றை எடுத்துவந்தார்,
முதலையின் கழுத்தில் இரண்டு சுற்று,
தூணில் ஒரு முடிச்சு.
பிறகு படகைப் பார்த்துக் கூப்பிட்டார்:
"கட்டிப் போட்டாச்சு, தைரியமா வாங்க!"

வந்தார்கள்.
கயிறு இன்னும் இருக்கிறது.
அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை,
அல்லது துணியவில்லை.

இந்தத் தடவை போனபோது
கண் இரண்டிலும் சிவப்பு பல்பு.
ராத்திரி முழுக்க எரிகிறதாம்.
நூறு யூனிட் வரைக்கும் காசில்லை.
மீட்டரில் நூற்று நாலு.
"அந்த நாலு யாருது?" என்றார் குஞ்சம்மாள்.
நாடிமுத்து முதலையைப் பார்த்தார்.
முதலை என்னைப் பார்த்தது.

அட்டையில் எழுத எப்போதும்போல
அதன் முதுகில்தான் உட்கார்ந்திருந்தேன்.
தூறல் போட்டது.
கண்ணோரத்தில் ரெண்டு சொட்டு
திரண்டு, டைல்ஸ் பல்லில் இறங்கியது.
அதையெல்லாம் நம்பினால்
இந்த வேலை பார்க்க முடியுமா?
நூற்று நாலு என்றே எழுதினேன்.